ஊரில் கல்யாணம், இங்கே பள்ளி: இங்கிலாந்தில் பிள்ளைக்கு விடுப்பு கேட்பது எப்படி?

கேள்வி இது: "இங்கிலாந்தில் இருக்கிறோம். மகள் இயர் 4, மகன் ரிசப்ஷன், அதாவது இயர் 1-க்கு முந்தைய வகுப்பு. அவனுக்கு வரும் மே மாதம்தான் ஐந்து வயது முடிகிறது. என் தம்பிக்கு மார்ச் முதல் வாரம் வெள்ளிக்கிழமை திருச்சியில் கல்யாணம். இரண்டு வாரம் கூட்டிப்போகப் பள்ளி அனுமதிக்குமா? அனுமதிக்காவிட்டால் அபராதம் எவ்வளவு? உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவது பரவாயில்லையா?"

இரண்டு வாரம் கேட்டால் அநேகமாகக் கிடைக்காது. மூன்று நாள் கேட்டால் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கடைசிக் கேள்விக்குப் பதில்: வேண்டவே வேண்டாம். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2013 செப்டம்பருக்கு முன்னால் தலைமையாசிரியர் ஆண்டுக்குப் பத்து நாள் வரை குடும்ப விடுமுறைக்கு அனுமதி தரலாம் என்று விதியில் இருந்தது. அந்தக் காலத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் இன்றைக்கும் "பத்து நாள் நம் உரிமை" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது அப்போதும் உரிமையாக இருந்ததில்லை. இப்போது அந்த வரியே விதியில் கிடையாது. 2024 ஆகஸ்ட் 19 முதல் நடப்பில் இருக்கும் வருகைப் பதிவு விதிகளின்படி, அரசுப் பள்ளியோ, அரசு நிதியில் தனி நிர்வாகத்தில் நடக்கும் அகாடமியோ, "விதிவிலக்கான சூழ்நிலை" என்று தலைமையாசிரியர் கருதினால் மட்டுமே இப்படிப்பட்ட விடுப்பு தர முடியும். விண்ணப்பம் முன்கூட்டியே போக வேண்டும். பிள்ளை வழக்கமாக யாருடன் வசிக்கிறதோ அந்தப் பெற்றோர்தான் விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை நாள் என்பதையும் பள்ளிதான் முடிவு செய்யும். நீங்கள் எட்டு நாள் கேட்டு அவர்கள் இரண்டு நாள் தந்தால், மீதி ஆறு நாளும் அனுமதியில்லாத வராமைதான்.

எது விதிவிலக்கான சூழ்நிலை என்பதற்குச் சட்டத்தில் பட்டியல் இல்லை. ஓய்வுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் போவது பொதுவாக அதில் சேராது என்று கல்வித்துறையின் வழிகாட்டி சொல்கிறது. அதே வழிகாட்டி, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அதனதன் தன்மையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே "எங்கள் பள்ளியில் யாருக்குமே தருவதில்லை" என்று வரவேற்பு மேசையில் சொன்னால் அதோடு திரும்பிவிட வேண்டாம். படிவத்தைக் கேட்டு வாங்கி, தலைமையாசிரியருக்கே எழுதுங்கள்.

"என் மகளின் வருகை 98 சதவீதம், அதனால் கவலையில்லை" என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. விண்ணப்பத்தில் சொல்லிக்கொள்ள அது நல்ல விஷயம். ஆனால் சட்டத்தின் முன் அது பாதுகாப்பு ஆகாது. வைட் தீவைச் சேர்ந்த ஜான் பிளாட் 2015 ஏப்ரலில் தன் மகளை அனுமதியில்லாமல் ஏழு பள்ளி நாட்கள் ஃபுளோரிடாவுக்குக் கூட்டிப்போனார். மற்றபடி ஒழுங்காகப் பள்ளிக்குப் போகும் பிள்ளை என்பது அவர் வாதம். கீழ் நீதிமன்றங்களில் அவர் பக்கமே தீர்ப்பு வந்தது. 2017 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: ஒழுங்காகப் பள்ளிக்குப் போவது என்றால் பள்ளி வகுத்த விதிப்படி போவது என்று தீர்ப்பாயிற்று. அதற்குப் பிறகு சதவீதத்தைக் காட்டி அபராதத்திலிருந்து தப்பும் வழி அடைபட்டுவிட்டது.

இனி கணக்கு. ஒரு பள்ளி நாள் இரண்டு செஷன்: காலை ஒன்று, பிற்பகல் ஒன்று. தொடர்ந்து வரும் பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாமல் பத்து செஷன், அதாவது ஐந்து நாள், தவறினால் அபராத நோட்டீஸ் கொடுப்பதா என்று பள்ளியும் கவுன்சிலும் (உள்ளாட்சி அமைப்பு) பார்த்தாக வேண்டும். ஒரு செஷனாவது பள்ளி நடந்த வாரம் மட்டுமே பள்ளி வாரம். ஆகவே நடுவில் வரும் ஈஸ்டர் விடுமுறை அந்தப் பத்து வாரத்தில் சேராது. டேர்ம் (பள்ளிப் பருவம்) மாறினாலும் கல்வியாண்டே மாறினாலும் எண்ணிக்கை தொடரும்.

இதில் பலர் இடறுவது ஓர் இடத்தில்தான். காலையில் வருகைப் பதிவேட்டை மூடிய பிறகு பிள்ளை வந்தால் அந்த செஷனுக்கு "யு" என்று குறிப்பார்கள். அதுவும் அனுமதியில்லாத வராமைக் கணக்குதான். நான்கு நாள் ஊருக்குப் போய் வந்தால் எட்டு செஷன். திரும்பி வந்த வாரத்தில் நேர வித்தியாசத்தால் தூங்கிப்போய் இரண்டு நாள் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பத்து ஆகிவிடும்.

ஐந்து நாளுக்குக் குறைவாக எடுத்தால் அபராதமே வராது என்றும் எண்ண வேண்டாம். வரம்பைத் தொடாமல் இருப்பதற்காகவே நான்கு நான்கு நாளாக அடிக்கடி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால், வரம்புக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்கக் கவுன்சிலுக்கு இடம் இருக்கிறது.

தொகை: முதல் முறை ஒருவருக்கு ஒரு பிள்ளைக்கு 160 பவுண்டு; 21 நாளுக்குள் கட்டினால் 80. அதன் பிறகு 28-ஆம் நாள் வரை முழு 160. முதல் நோட்டீஸ் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அதே பெற்றோருக்கு அதே பிள்ளைக்காக இரண்டாவது நோட்டீஸ் வந்தால் நேராக 160, சலுகை கிடையாது. மூன்றாவது முறை அபராத நோட்டீஸ் என்ற வழியே மூடிவிடும், வழக்கு வரக்கூடும். 2024 ஆகஸ்ட் 19-க்கு முன்னால் கட்டியவை இந்த எண்ணிக்கையில் சேராது.

ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி என்பதைக் கவனியுங்கள். இரண்டு பெற்றோர், கட்டாயப் பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு நோட்டீஸ்: 21 நாளுக்குள் 320 பவுண்டு, தாண்டினால் 640. உங்கள் வீட்டில் கணக்கு சற்று வேறு. கட்டாயப் பள்ளி வயது என்பது ஐந்தாவது பிறந்தநாளுக்கு அடுத்த டேர்மிலிருந்து தொடங்குகிறது. டிசம்பர் 31-க்குள் ஐந்து முடிந்தால் ஜனவரியிலிருந்து, மார்ச் 31-க்குள் என்றால் ஏப்ரலிலிருந்து, ஆகஸ்ட் 31-க்குள் என்றால் செப்டம்பரிலிருந்து. மகனுக்கு மே மாதம் ஐந்து முடிவதால் மார்ச்சில் அவனுக்காக அபராதம் போட முடியாது. ஆனாலும் அவனுக்கும் முறைப்படி எழுதிக் கேளுங்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே பள்ளி என்றால் முடிவெடுப்பது ஒரே தலைமையாசிரியர். மகள் பத்து நாள் அனுமதியில்லாமல் போனால் உங்களுக்கும் கணவருக்குமாக 160 பவுண்டு, உரிய நேரத்தில் கட்டினால். வழக்கமாக நோட்டீஸ் பிள்ளையைக் கூட்டிப்போன, போக விட்ட பெற்றோருக்குத்தான் வரும். சட்டத்தின் கண்ணில் பிள்ளையைப் பராமரிப்பவரும் பெற்றோரே என்பதால் மாற்றாந்தந்தைக்கும் வரலாம்.

"விமான டிக்கெட்டில் மிச்சமாவது இதைவிட அதிகம், கட்டிவிட்டுப் போய்விடலாம்" என்று கணக்குப் போடுபவர்களைக் குறை சொல்ல முடியாது. விடுமுறைக் காலத்தில் நான்கு பேருக்கான டிக்கெட் விலை உண்மையிலேயே கலங்க வைக்கும். ஆனால் அந்தக் கணக்கு இந்த ஒரு பயணத்தை மட்டும் பார்க்கிறது. நம் குடும்பங்களில் மூன்று ஆண்டுக்குள் இன்னொரு கல்யாணம் வரும், வயதானவர்கள் இருக்கிறார்கள், திடீரென்று போக வேண்டி வரும். முதல் நோட்டீஸை ஒரு மாமன் கல்யாணத்தின் கூடுதல் ஒரு வாரத்துக்காகச் செலவழித்துவிட்டால், அடுத்து உண்மையான நெருக்கடி வரும்போது கையில் எதுவும் இருக்காது.

நோட்டீஸுக்கு எதிராக மேல்முறையீடு கிடையாது. தவறான ஆளுக்கு வந்திருந்தால், கொடுத்திருக்கவே கூடாத நோட்டீஸாக இருந்தால், முக்கியமான பிழை இருந்தால் திரும்பப் பெறுவார்கள். கட்டினால் விஷயம் அங்கே முடிந்தது. குற்றப் பதிவு ஆகாது. கட்டாமல் விட்டால், கவுன்சில் அபராதத்தை வசூலிக்க வராது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத குற்றத்துக்கே மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போடும். அங்கே 1,000 பவுண்டு வரை அபராதம். தெரிந்தே செய்தது என்ற கடுமையான பிரிவில் போட்டால் 2,500 பவுண்டு வரையும் மூன்று மாதச் சிறை வரையும் சட்டத்தில் இடம் உண்டு. அங்கே தண்டனை ஆனால் அது குற்றத் தீர்ப்பு. பின்னால் குடியுரிமைக்கோ நிரந்தர வசிப்புரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது அதைத் தெரிவிக்க வேண்டிவரும். நோட்டீஸ் வந்துவிட்டால் கோபத்தில் மேசையில் போட்டு வைக்காமல் 21 நாளுக்குள் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

நம் வீடுகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் இரண்டு நாட்காட்டிகளும் மோதிக்கொள்வது. இங்கே நீண்ட கோடை விடுமுறை ஏறக்குறைய ஜூலை 22-இல் தொடங்கி ஆறு வாரம். அதில் பாதிக்கு மேல், ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை, ஆடி. கல்யாணம் வைக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை இரண்டு வாரமும் மார்கழிக்குள் அடங்கிவிடுகிறது. ஆக, பள்ளி தாராளமாக மூடியிருக்கும் இரண்டு காலமும் முகூர்த்தத்துக்கு ஆகாத காலம். தையிலும் மாசியிலும் முகூர்த்தம் கொட்டிக் கிடக்கும்போது இங்கே பிப்ரவரி நடுவில் ஒரே ஒரு வாரம் ஹாஃப் டேர்ம், அதாவது பருவத்தின் நடுவில் வரும் விடுமுறை.

இருந்தாலும் இடம் இல்லாமல் இல்லை. ஆவணி பிறந்த ஆகஸ்ட் 17-இலிருந்து மாதக் கடைசி வரை இரண்டு வாரம் நல்ல வாய்ப்பு. மே கடைசி வாரத்து ஹாஃப் டேர்ம் வைகாசியில் விழுகிறது. அதுவும் நல்ல முகூர்த்த காலம். அக்டோபர் கடைசி வாரம் ஐப்பசி. ஈஸ்டர் விடுமுறை பங்குனிக் கடைசியும் சித்திரைத் தொடக்கமுமாக வரும். பங்குனியை ஒதுக்கும் குடும்பங்களுக்கு ஏப்ரல் 14-க்குப் பிறகு விடுமுறையில் மிச்சமிருக்கும் நாட்கள் மட்டும் உதவும், சில ஆண்டுகளில் ஒன்றுமே மிஞ்சாது.

இதை ஊரில் இருப்பவர்களிடம் எப்போது சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மண்டபம் பிடித்த பிறகு சொல்லிப் பயனில்லை. பெண் பார்க்கும் பேச்சு நடக்கும்போதே, பள்ளியின் இணையதளத்தில் இருக்கும் அடுத்த கல்வியாண்டின் தேதிகளை எடுத்து அப்பாவுக்கோ அண்ணனுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "இந்த நான்கு வாரத்துக்குள் முகூர்த்தம் அமைந்தால் பிள்ளைகளோடு முழுக்க இருப்போம், மற்ற நாள் என்றால் மூன்று நாள்தான் வர முடியும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஜோசியர் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தேதி குறித்துத் தருவார். அதிலிருந்து எதை எடுப்பது என்பதில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

தேதிகளைப் பார்க்கும்போது ஒன்றைச் சரிபாருங்கள். அகாடமிகள் தங்கள் டேர்ம் தேதிகளைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளை, மேல்நிலையில் ஒரு பிள்ளை என்றால் ஹாஃப் டேர்ம் வாரமே வேறுபடலாம். ஆசிரியர் பயிற்சிக்காகப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத நாட்கள் பொதுவாக ஆண்டுக்கு ஐந்து. அவை பல பள்ளிகளில் விடுமுறையை ஒட்டி வரும். ஹாஃப் டேர்முக்கு முந்தைய வெள்ளியோ பிந்தைய திங்களோ அப்படி அமைந்தால் விடுப்பே கேட்காமல் பத்து நாள் கிடைக்கும்.

உங்கள் விஷயத்தில் தேதி முடிவாகிவிட்டது. ஆகவே விண்ணப்பத்தைப் பார்ப்போம். நாட்களை முதலில் குறையுங்கள். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் கிளம்பி இரவு விமானம் பிடித்தால் புதன் பகலில் சென்னை, அன்றே திருச்சி. வியாழன் மாலை வரவேற்பு, வெள்ளி முகூர்த்தம், சனி மறுவீடு, ஞாயிறு அதிகாலை விமானத்தில் ஏறினால் அன்று மாலைக்குள் லண்டன். பள்ளி தவறுவது புதன், வியாழன், வெள்ளி: ஆறு செஷன். மூன்றில் ஒன்றுக்கு மட்டும் அனுமதி வந்தாலும் மற்ற நான்கு செஷன் வரம்புக்குள்ளேயே இருக்கும், அதற்கு முந்தைய வாரங்களில் வேறு எதுவும் தவறியிருக்காத வரை. ஒரே வாரத்துக்காக அவ்வளவு தூரமா என்று தோன்றும். பெற்றோரில் ஒருவர் முன்னதாகப் போய் வேலைகளைக் கவனிப்பதும், மற்றவர் பிள்ளைகளோடு கடைசியில் வந்து சேர்வதும் நிறையக் குடும்பங்கள் கையாளும் வழி.

டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் விண்ணப்பியுங்கள். பள்ளியின் வருகைக் கொள்கை அதன் இணையதளத்தில் இருக்கும். எத்தனை வாரம் முன்பு கேட்க வேண்டும் என்று அதில் இருக்கலாம். இல்லாவிட்டால் ஆறு வாரம் முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை இணைத்து அனுப்புவது வலு சேர்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். படிப்பவருக்கு அது "முடிவெடுத்துவிட்டோம், தெரிவிக்கிறோம்" என்றுதான் கேட்கும். அதற்குப் பதிலாகக் கல்யாணப் பத்திரிகையை இணையுங்கள். தமிழில் மட்டும் அச்சடித்திருந்தால் மணமக்கள் பெயர், தேதி, இடம், உங்கள் உறவு ஆகியவற்றை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, மொத்தம் எத்தனை பள்ளி நாள், யாருடைய கல்யாணம். "உறவினர்" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. பிள்ளையின் தாயுடன் பிறந்த தம்பி என்று எழுதுங்கள். தாய்மாமன் முறையும், மருமகளுக்கு அந்தக் கல்யாணத்தில் இருக்கும் இடமும் ஆங்கிலேயத் தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு வாக்கியத்தில் விளக்குங்கள். அடுத்தது முக்கியமானது: தேதியை நிர்ணயித்தது நீங்கள் இல்லை, வேறொரு குடும்பத்தோடு சேர்ந்து குறித்த நாள், விடுமுறைக்கு மாற்ற இயலாது. "விதிவிலக்கு" என்ற சொல்லுக்கு உயிர் கொடுப்பது இந்த வரிதான். பிறகு, பயணத்தை எப்படிச் சுருக்கியிருக்கிறீர்கள் என்பது. இந்த ஆண்டில் வேறு விடுப்பு கேட்கவில்லை என்பது உண்மையானால் அது. பிள்ளையின் வருகை நன்றாக இருந்தால் அது. கடைசியாக, தவறும் பாடங்களை எப்படி ஈடுசெய்வீர்கள் என்று ஒரு வரி.

எழுதக் கூடாதவையும் இருக்கின்றன. அந்த வாரம் டிக்கெட் மலிவு என்பது. போகிற வழியில் துபாயில் இரண்டு நாள் என்பது. "வேறு வகுப்பில் இன்னாருக்குக் கொடுத்தீர்களே" என்பது. "எங்கள் பண்பாட்டைப் புரிந்துகொள்ளவில்லை" என்று முதல் கடிதத்திலேயே குற்றம் சாட்டுவதும் வேண்டாம். மறுப்பு வருவதற்கு முன்பே சண்டைக்கு நின்றதாகிவிடும்.

மறுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு என்று தனி அமைப்பு இல்லை. புதிய தகவல் இருந்தால் தலைமையாசிரியரிடமே மறுபரிசீலனை கேட்கலாம்: நாட்களைக் குறைத்திருக்கிறோம், கல்யாண நாளுக்கு மட்டுமாவது அனுமதி தாருங்கள் என்று. நேரில் பத்து நிமிடம் கேட்டுப் போய்ப் பேசுவது மின்னஞ்சலைவிடப் பல சமயம் பலன் தரும். பகுதி அனுமதி வந்தால் எந்தெந்த நாளுக்கு என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்குப் பதிவேட்டில் "சி" என்று விழ வேண்டும். அனுமதியில்லாத விடுமுறைக்கு "ஜி".

இப்போது அந்த உடம்பு சரியில்லை விஷயம். இது நடைமுறையில் நிற்பதே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் செல்பேசிக்குப் பள்ளி அழைத்தால் மணியோசை வேறு மாதிரி கேட்கும். அக்கா ஒரு பள்ளி, தம்பி ஒரு பள்ளி என்றால் இரண்டு அலுவலகமும் பேசிக்கொள்ளும். கையில் மருதாணியோடு வந்து நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளை, "வார இறுதியில் என்ன செய்தீர்கள்?" என்று டீச்சர் கேட்டதும் யானை பார்த்ததைச் சொல்லிவிடும். சொல்லத்தான் வேண்டும், சந்தோஷமாக ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த குழந்தையிடம் வாயை மூடிக்கொள் என்பது கொடுமை. சந்தேகம் வந்தால் பள்ளி மருத்துவச் சான்று கேட்கலாம், பதிவேட்டில் "ஐ" என்றிருப்பதை "ஜி" என்று திருத்தலாம். அபராதம் அப்போதும் வரும். கூடவே, அடுத்த முறை உண்மையிலேயே காய்ச்சல் வரும்போது உங்கள் சொல்லுக்கு எடை இருக்காது.

சாவு வீட்டுக்குப் போவது வேறு. தாத்தாவோ பாட்டியோ இறந்துவிட்டால் சில நாள் விடுப்புக்குப் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் இரக்கத்தோடு சம்மதிப்பார்கள். ஆறு வாரம் முன்பு கேட்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சலாவது போய்விட வேண்டும், ஏனென்றால் முன்கூட்டிக் கேட்காத விடுப்பைப் பின்னால் தர விதியில் இடமில்லை. பிள்ளைகள் எப்போது திரும்புவார்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பதினாறாம் நாள் காரியமோ முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டியோ வரை பிள்ளைகளையும் வைத்துக்கொள்வதில்தான் சிக்கல் வருகிறது. ஒரு பெற்றோர் அங்கே இருக்க, மற்றவர் பிள்ளைகளோடு திரும்புவது நல்லது.

அப்படியே இழுத்துக்கொண்டு போனால் அபராதத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: பள்ளி இடம். அனுமதித்த விடுப்பு முடிந்து பத்துப் பள்ளி நாளாகியும் பிள்ளை திரும்பாவிட்டால், அல்லது அனுமதியின்றித் தொடர்ந்து இருபது பள்ளி நாள் வராவிட்டால், பள்ளியும் கவுன்சிலும் சேர்ந்து விசாரித்துப் பார்த்த பிறகு பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வழி இருக்கிறது. காத்திருப்போர் பட்டியல் நீளமான பள்ளியில் அந்த இடம் உடனே போய்விடும். அங்கே பிள்ளைக்கு உடம்புக்கு வந்து தாமதமானால் தினமும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்குங்கள். இரண்டு மாதம் ஊரில் இருப்பதற்காக "வீட்டிலேயே கற்பிக்கிறோம்" என்று எழுதிக்கொடுத்துப் பெயரை எடுத்துவிட்டுப் போவதும் இதே கதிதான். திரும்பி வந்தால் இடம் காலியாகக் காத்திருக்காது.

மத அனுசரிப்புக்கு "ஆர்" என்று ஒரு குறி இருக்கிறது. பெற்றோர் சார்ந்த மத அமைப்பு அனுசரிப்புக்கென்றே ஒதுக்கிய நாளுக்கு மட்டும் அது பொருந்தும். தீபாவளிக்குக் கேட்கலாம். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஊருக்குப் போகும் பயண நாட்கள் அதில் வராது. காது குத்தல், மஞ்சள் நீராட்டு, மொட்டை போடுவது எல்லாம் குடும்பம் நாள் பார்த்து வைப்பவை. அவற்றைக் காரணம் காட்டி விடுப்பு கேட்டால் "விடுமுறையில் வைக்கலாமே" என்றுதான் பதில் வரும், அது நியாயமும்கூட. காது குத்தலுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. புதிதாகக் குத்திய காது ஆற ஆறு வாரம் ஆகும். உடற்பயிற்சி வகுப்பில் தோடு கழற்றச் சொல்வார்கள், கழற்றினால் துளை மூடும். கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் குத்தினால் பள்ளி திறக்கும்போது கழற்றும் பக்குவத்துக்கு வந்திருக்கும். மருதாணி கூடாது என்று சில பள்ளிகள் சீருடை விதியில் வைத்திருக்கும். கல்யாணத்துக்குப் போகும் முன்பே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டால் பிள்ளை சங்கடப்படாது.

எந்த வகுப்பில் எப்போது போகவே கூடாது என்பதையும் பாருங்கள். இயர் 1-க்கு ஜூன் மாதத்தில் ஃபோனிக்ஸ் (எழுத்தொலியைக் கொண்டு வாசிக்கும்) தேர்வு. இயர் 4-க்கும் ஜூனில் வாய்ப்பாட்டுத் தேர்வு. உங்கள் மகளுக்கு மார்ச் என்பதால் அந்தத் தொல்லையில்லை. இயர் 6-க்கு மே மாதம் நான்கு நாள் சாட்ஸ் என்ற நாடு தழுவிய தேர்வு. இயர் 11 முடிவில் வரும் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இ மே தொடங்கி ஜூன் பின்பாதி வரை; எல்லாத் தேர்வும் முடிந்த பிறகும் அவசரத்துக்கென்று ஒரு மாற்று நாள் ஒதுக்கியிருப்பார்கள், அது தாண்டும் வரை டிக்கெட் போடாதீர்கள். பயணத்தால் தவறிய ஜிசிஎஸ்இ தாளுக்குச் சிறப்புச் சலுகை கிடையாது. ஆவணிக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் செப்டம்பர் முதல் வாரத்தைத் தொடாமல் திரும்ப வேண்டும். ரிசப்ஷனும் இயர் 7-உம் தொடங்கும் வாரம் பிள்ளைக்கு நண்பர்கள் அமையும் வாரம்; கிராமர் பள்ளிக்கான நுழைவுத் தேர்வும் பல இடங்களில் செப்டம்பரில்தான் நடக்கிறது.

போகும் நாட்களுக்குப் பாடம் தர வேண்டிய கடமை பள்ளிக்கு இல்லை. வகுப்பாசிரியரிடம் "ஹோம்வொர்க் கொடுங்கள்" என்று கேட்பதைவிட, "அந்த வாரம் கணக்கில் என்ன பாடம்?" என்று கேளுங்கள், பதில் எளிதாகக் கிடைக்கும். பின்னம் என்று சொன்னால் திரும்பி வந்த சனி, ஞாயிறில் பின்னம் பாருங்கள். மகனுக்கு விஷயம் வேறு: ரிசப்ஷனில் ஃபோனிக்ஸ் நாளுக்கு ஒரு ஒலி என்ற வேகத்தில்கூடப் போகும். எந்த ஒலிகள் தவறுகின்றன என்று எழுதி வாங்கி, விமானத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பம் என்றால் பள்ளியின் அனுமதி மட்டும் போதாது. பெற்றோர் பொறுப்புள்ள ஒவ்வொருவரின் சம்மதமும் இல்லாமல் பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றமாகலாம்; பிள்ளை இன்னாருடன் வசிக்கும் என்று நீதிமன்ற ஆணை பெற்றவர் மட்டும் 28 நாள் வரை கூட்டிப்போகலாம். சேர்ந்து வாழ்பவர்களும், ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு பறக்கும்போது மற்றவரின் கையெழுத்திட்ட கடிதத்தைக் கைப்பையில் வைத்திருப்பது நல்லது.

இவ்வளவும் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸில் பத்து நாள் வரை அனுமதிக்கத் தலைமையாசிரியருக்கு இன்னும் இடமிருக்கிறது. ஸ்காட்லாந்தில் இந்த அபராத நோட்டீஸே கிடையாது. அங்கே இருக்கும் உறவினர் "எங்களுக்குக் கொடுத்தார்களே" என்றால் அதை உங்கள் பள்ளியில் போய்ச் சொல்ல வேண்டாம்.

இந்த வாரமே பள்ளியின் வருகைக் கொள்கையைப் படித்து, படிவத்தை வாங்கி, புதன் முதல் வெள்ளி வரை மூன்று நாள் என்று நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.